ஒரு சுரத்தை எத்தனை விதமா ஊதலாம்? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்தில, சக்ஸபோன்ல கர்நாடக சங்கீதம் வாசிச்ச கத்ரி கோபால்நாத் பற்றி ஒரு சின்னப் பதில் எழுதினன், அவ்வளவுதான், அதுக்குப் பிறகு கடிதம், வட்ஸ்அப், வொயிஸ் மெசேஜ் எண்டு எல்லாமே சக்ஸபோன் பற்றித்தான் வந்துகொண்டிருக்கு. அதால இந்த முறை சமையல், விசா, முழங்கால் நோ எல்லாத்தையும் ஒரு பக்கம் வச்சிட்டு முழுப் பக்கத்தையும் சக்ஸபோனுக்கே குடுக்கிறன். மற்றக் கேள்வி கேட்டவை கோவிக்காதேங்கோ, அடுத்த மாசம் கட்டாயம் வரும்.

ஐயா, என்ட மகனுக்கு 13 வயசு, ஸ்கூல் பாண்ட்ல சக்ஸபோன் ஊதுறான். "கத்ரியைக் கேட்டது காணும், இனிப் பழைய ஜாஸ் ஆக்களையும் கேள்" எண்டு மாஸ்டர் சொல்லிவிட்டிருக்கிறார். யூரியூப்ல தேடினா ஆயிரம் பேர் வருது. ஆரில இருந்து தொடங்கிறது?
– வாசகி, வெள்ளவத்தை

தங்கச்சி, ஒரே ஒரு பேர்தான் சொல்லுவன். சிட்னி பெஷே. எழுத்தைப் பாத்து "பெச்செட்" எண்டு வாசிக்காதேங்கோ, அது பிரெஞ்சுப் பேர்.

1897 மே 14, அமெரிக்காவில நியூ ஓர்லியன்ஸ்ல பிறந்தவர். கிறியோல் எண்டு சொல்லுற கறுப்பினக் குடும்பம், வீட்டில பிரெஞ்சும் கதைக்கிற ஆக்கள், தகப்பன் சப்பாத்துத் தைக்கிறவர். அண்ணன் லெனர்ட் ட்ரொம்போன் வாசிச்சவர், பிறகு பல் டொக்டரா வந்தவர். அந்த அண்ணனிட்ட ஒரு கிளரினெட் கிடந்தது, தம்பி அதை ஒளிச்சு எடுத்து ஊதி ஊதித்தான் பழகினவர். இதில ஒரு கதை இருக்கு, பெஷே தானே சொன்ன கதை. வீட்டில ஒரு விருந்து, அந்தக் காலத்தில ஊரிலயே பெரிய பேரெடுத்த ஃபிரெடி கெப்பார்ட்டின்ட பாண்ட் வந்து வாசிக்குது, ஆனா கிளரினெட் ஊதுற ஜோர்ஜ் பக்கே இன்னும் வந்து சேரேல்ல, ஆனா எங்கயோ இருந்து ஒரு கிளரினெட் சத்தம் மட்டும் பாண்டோட சேந்து சரியா வருது. ஆர் எண்டு தேடிப் போய்ப் பாத்தா, பக்கத்து அறைக்குள்ள இருட்டுக்குள்ள இந்தச் சின்னப் பெடியன் நிண்டு ஊதிக்கொண்டு நிக்கிறான். பிறகு அந்த பக்கேயே அவருக்குச் சொல்லிக் குடுத்தவர். ஆனா ஒண்டு, எவ்வளவு பேர் சொல்லிக் குடுத்தும் பெஷே கடைசி வரைக்கும் நொட்டேஷன் வாசிக்கப் பழகேல்ல. எல்லாம் காதுதான். உங்கட மகனுக்கு இதைச் சொல்லேக்க கவனம், "அப்ப எனக்கும் தியறி வேண்டாம்" எண்டு புத்தகத்தை மூடி வச்சிடுவான்!

1919ல வில் மரியன் குக் எண்டவரின்ட பெரிய ஓர்க்கெஸ்ட்ராவோட லண்டனுக்குப் போனார். அப்ப அவர் கிளரினெட் வாசிக்கிறவர் மட்டும்தான். அங்க அவரைக் கேட்ட ஏர்னெஸ்ட் ஆன்செர்மே எண்ட சுவிஸ்காரர், மேலைத்தேய சங்கீதத்தில பெரிய கண்டக்டர், அந்த வருசம் ஒக்டோபர்ல ஒரு சஞ்சிகையில கட்டுரை எழுதி, இந்த ஆள் ஒரு மேதை, இவரின்ட பேரை நான் மறக்கமாட்டன் எண்டு பேரைக் குறிப்பிட்டே எழுதினார். இதின்ட பெறுமதியை யோசிச்சுப் பாருங்கோ. ஜாஸ் எண்டா டான்ஸ் ஆடுறதுக்கு அடிக்கிற இரைச்சல் எண்டு படிச்ச ஆக்கள் எல்லாரும் மூக்கைச் சுளிச்ச காலம் அது, 22 வயசுக் கறுப்பினப் பெடியன், ஒரு எழுத்து நொட்டேஷன் வாசிக்கத் தெரியாது, அவனைப் பாத்து அப்பிடிப்பட்ட ஒரு மனுசன் மேதை எண்டு எழுதியிருக்கிறார்.

லண்டன்லதான் திருப்பம். ஒரு கடையில நேரா நீட்டா ஒரு சக்ஸபோன் கண்டார். சக்ஸபோன் எண்டா எங்களுக்கு வளைஞ்ச யானைத் தும்பிக்கை மாதிரித்தான் ஞாபகம் வரும், இது அப்பிடி இல்ல, கிளரினெட் மாதிரி நேர் குழல், சொப்ரானோ சக்ஸபோன் எண்டு பேர். வாங்கி ஊதிப் பாத்தார், விடவே இல்ல. ஏன் பிடிச்சது எண்டதுக்குக் காரணம் இருக்கு. நியூ ஓர்லியன்ஸ் பாண்ட்ல கோர்ணெட் எண்ட சின்ன ட்ரம்பெட்தான் ராசா, மெட்டை அதுதான் கொண்டு போகும், கிளரினெட் மேலயும் கீழயும் ஓடி அலங்காரம் செய்யிறதோட சரி, சத்தத்தில கோர்ணெட்டோட மோதேலாது. சொப்ரானோ சக்ஸபோன் அப்பிடி இல்ல, கோர்ணெட்டுக்கு முன்னால போய் நிண்டு "நான் பாடுறன், நீ தள்ளி நில்" எண்டு சொல்லக்கூடிய குரல் அதுக்கு இருக்கு. பெஷேயின்ட சுபாவத்துக்கு அதுதான் பொருந்தினது.

திரும்பி நியூ யோர்க் வந்து 1923 ஜூலை 30ல முதல் றெக்கோட், கிளாரன்ஸ் வில்லியம்ஸ் எண்டவரின்ட புளூ ஃபைவ் குழுவோட. அந்த நாளில மைக் இல்ல, ஒரு பெரிய புனலுக்கு முன்னால நிண்டு ஊத வேணும், அந்த அதிர்வே ஊசியை ஆட்டி மெழுகில கீறும், எலெக்ட்ரிக் றெக்கோடிங் 1925லதான் வந்தது. அதால அந்தக் கால றெக்கோட்ல கனபேரின்ட வாசிப்பு ஒரு போத்திலுக்குள்ள இருந்து வாற மாதிரித்தான் கேக்கும். பெஷேயின்ட சொப்ரானோ மட்டும் அந்தப் புனலைத் தாண்டி, அந்தச் சர்ர்ர் எண்ட இரைச்சலையும் தாண்டி, இண்டைக்கும் முன்னுக்கு வந்து நிக்குது. ஜாஸ்ல ஒருத்தர் தனியா எழும்பி நிண்டு சோலோவா வாசிச்சு, அதைக் கேட்டு மற்ற ஆக்கள் படிச்சதெண்டா, அந்தத் தொடக்கத்திலயே நிக்கிறவர் இவர். பேர் போன ட்ரம்பெட்காரர் லூயி ஆம்ஸ்ட்ரோங் தன்ட பேரில றெக்கோட் செய்யத் தொடங்க முந்தியே இது நடந்தது.

ஆனா தங்கச்சி, நான் உங்கட மகனை இவரிட்ட அனுப்புறதுக்கு உண்மையான காரணம் இதொண்டும் இல்ல. பிற்காலத்தில பெஷே தன்னட்டப் படிக்க வந்த ஒரு பெடியனுக்குச் சொன்னதை அந்தப் பெடியன் பிறகு எழுதியிருக்கிறார். இண்டைக்கு உனக்கு ஒரே ஒரு சுரம்தான் தாறன், அதை எத்தனை விதமா ஊதலாம் எண்டு பார், உறுமிப் பார், இழுத்துப் பார், கொஞ்சம் இறக்கிப் பார், கொஞ்சம் ஏத்திப் பார், என்ன வேணுமெண்டாலும் செய், இது கதைக்கிற மாதிரித்தான், எண்டு. எனக்கு இதை முதல் வாசிக்கேக்க கண் கலங்கிட்டு, ஏனெண்டா சின்ன வயசில எனக்குப் பாட்டுச் சொல்லித் தந்த ரீச்சரும் இதையேதான் செய்தவ, ஒரு காந்தாரத்தை வச்சுக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க, "இது தோடிக் காந்தாரம், இப்ப கேள் இது வேற" எண்டு பாடிப் பாடிக் காட்டுவா, எங்களுக்கு அப்ப அலுப்பா இருக்கும், வெளியில பெடியள் கிரிக்கெட் அடிக்கிற சத்தம் கேக்கும். நியூ ஓர்லியன்ஸ் சப்பாத்துக்காரரின்ட மகனும் எங்கட பாட்டு ரீச்சரும் ஒரே விசயத்தைத்தான் சொல்லியிருக்கினம்.

நான் கோயில் மேளக்காரக் குடும்பம். எங்கட அப்பப்பா "சக்ஸபோன் நாதஸ்வரத்துக்குத் தம்பி முறை" எண்டு சொல்லுவார். அது சரியோ? பித்தளையில செய்த சாமான் எப்பிடி எங்கட குழலுக்குச் சொந்தமாகும்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

அப்பப்பா சொன்னதில நியாயம் இருக்கு தம்பி. பித்தளையைப் பாத்து ஏமாறக்கூடாது. சக்ஸபோனைச் செய்தவர் அடோல்ஃப் சக்ஸ் எண்ட பெல்ஜியம்காரர், 1846ல பரிஸ்ல பேட்டண்ட் எடுத்தவர், உடம்பு பித்தளை எண்டாலும் அதைக் குழல் வாத்தியத்தோடதான் சேக்கிறது, ட்ரம்பெட்டோட இல்ல, ஏனெண்டா சத்தம் பிறக்கிறது நாணல் ரீட்ல. நாதஸ்வரத்துக்குச் சீவாளி ரெண்டு இதழ், சக்ஸபோனுக்கு ஒரு இதழ். அது ஒண்டுதான் பெரிய வித்தியாசம். மற்றது, ரெண்டின்ட உள் துவாரமும் மேல ஒடுங்கி கீழ விரிஞ்சு போற கூம்பு. கிளரினெட் அப்பிடி இல்ல, அது முழுக்க ஒரே அகலம். இந்தக் கூம்புதான் விசயம், கூம்பா இருந்தா அழுத்தி ஊதேக்க அதே விரல்ல மேல் ஸ்தாயி வரும், ஒரே அகலமா இருந்தா பன்னிரண்டாவது சுரத்துக்குத் தாவும், விரல் கணக்கே மாறும்.

பெஷேயின்ட சொப்ரானோவை முதல் முதல் கேட்ட அண்டைக்கு எனக்கு என்ன தோணினது தெரியுமோ? ஆடிவேல் காலத்தில செட்டியார் தெருவில இருந்து வேல் வெளிக்கிட்டு காலி வீதியால வரேக்க, தேர் இன்னும் கண்ணுக்குத் தெரியாது, சனம், பஸ் ஹோர்ன், கச்சான் வண்டி மணி எல்லாத்துக்கும் மேலால நாதஸ்வரம் மட்டும் தனியா வந்து காதில விழுமே, அது. திறந்த வெளியில, தெருவில, ஊர்வலத்தில வாசிச்சுப் பழகின குரல். நியூ ஓர்லியன்ஸ்லயும் அதேதான், சாவீட்டுக்கும் பாண்ட், திருவிழாவுக்கும் பாண்ட், எல்லாம் ரோட்டில.

கத்ரி பற்றிப் போன மாசம் எழுதினனே, அவரும் நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளைதான், சக்ஸபோன்ல கமகம் (சுரத்தை அசைச்சு வாசிக்கிறது) வரவைக்கிறதுக்கு அந்த வாத்தியத்திலயே மாற்றம் செய்தவர். பெஷே வாத்தியத்தில கை வைக்கேல்ல, தாடையாலயும் உதட்டாலயுமே எல்லாத்தையும் செய்தார். அவரின்ட அசைவு, வைப்ராட்டோ எண்டு சொல்லுறது, சரியான அகலம், சரியான வேகம். கனபேருக்கு அது கூடிப்போச்சு எண்டு படும். எனக்கு அப்பிடிப் படேல்ல. சொப்ரானோ சுதி பிசகிறதில பேர் போன வாத்தியம், அந்த அசைவுக்குள்ள சுரத்தை வச்சு ஆட்டி ஆட்டியே அவர் அதைச் சுதிக்குள்ள நிப்பாட்டி வச்சிருந்தார் எண்டுதான் நான் நினைக்கிறன்.

பெஷே தையல் கடை வச்சிருந்தவர் எண்டு எங்கயோ வாசிச்சன். உண்மையோ? நான் 40 வருசமா மெஷின் மிதிக்கிறவன், அதால கேக்கிறன்.
– வாசகர், ஆமர் வீதி

உண்மைதான் அண்ணை. 1930களின்ட தொடக்கத்தில அமெரிக்காவில பொருளாதாரம் படுத்திட்டு, ஆக்களிட்ட காசில்ல, றெக்கோட் வாங்க ஆளில்ல, பழைய நியூ ஓர்லியன்ஸ் பாணியும் ஃபேஷன் போன மாதிரி ஆகிட்டு. 1932ல அவரும் டொமி லாட்னியர் எண்ட ட்ரம்பெட்காரரும் சேந்து நியூ ஓர்லியன்ஸ் ஃபீட்வோர்மர்ஸ் எண்டு ஒரு குழு நடத்தி, கேக்கக் கேக்க மயிர்க்கூச்செறியிற றெக்கோட் எல்லாம் செய்தும் பிழைக்க முடியேல்ல. அடுத்த வருசம் ரெண்டு பேரும் நியூ யோர்க் ஹார்லம்ல ஒரு தையல் கடை போட்டினம். உடுப்பு அயர்ன் பண்ணிறது, திருத்திறது. சங்கீதக்கார நண்பர்மார் வந்து கடைக்குப் பின்னுக்கு இருந்து வாசிப்பினமாம்.

உங்களுக்குத் தெரியும்தானே அண்ணை, அயர்ன் பெட்டி சூட்டில நிண்ட கை எப்பிடி இருக்குமெண்டு. அந்தக் கையாலதான் பின்னேரம் அந்தக் குழலைத் தூக்கியிருக்கிறார். பிறகு 1934ல நோபிள் சிசில் எண்டவரின்ட ஓர்க்கெஸ்ட்ராவில இடம் கிடைச்சுத் திரும்பவும் சங்கீதத்துக்குப் போனார்.

நீங்கள் போன மாசம் கடைசியில பெஷே பேரைச் சொன்னதால நான் தேடிப் பாத்தன். ரெண்டு நாட்டில மறியல்ல இருந்திருக்கிறார், ரெண்டு நாட்டால நாடு கடத்தியிருக்கினம். அப்பிடிப்பட்ட ஒருத்தரை ஏன் பிள்ளையளுக்கு முன்மாதிரியாக் காட்டிறியள்?
– ஒரு ஆசிரியை, தெமட்டகொட

ரீச்சர், கேள்வி நியாயமான கேள்வி, மூடி மறைக்காமல் சொல்லுறன். 1922ல லண்டன்ல ஒரு பொம்பிளையைத் தாக்கினது எண்டு கோர்ட்டில குற்றவாளியாக் கண்டு நாடு கடத்தினவை. அவர் தான் செய்யேல்ல எண்டு சொன்னவர், தீர்ப்பு அப்பிடித்தான் வந்தது. பிறகு 1925ல ஜோசஃபின் பேக்கர் எண்ட ஆட்டக்காரி ஆடின "ரெவ்யூ நெக்ர்" எண்ட மேடை நிகழ்ச்சிக் குழுவோட பரிஸுக்குப் போய், அங்கால 1926ல ரஷ்யா வரைக்கும் போய் வாசிச்சு, திரும்பி பரிஸ்ல இருக்கேக்க 1928 கடைசியில மொன்மார்த்ர் பக்கம் விடியக்காலமை இன்னொரு அமெரிக்க பாஞ்ஜோக்காரரோட சண்டை வந்து துவக்கெடுத்துச் சுட்டவர். றோட்டால போய்க்கொண்டிருந்த, ஒரு சம்பந்தமும் இல்லாத ஒரு பொம்பிளைக்கும் வெடி பட்டது. 11 மாசம் அளவில மறியல்ல இருந்திட்டு வெளியேறினவர்.

இதில எனக்கு நியாயம் சொல்ல ஒண்டும் இல்ல. இனவெறி இருந்த காலம், கறுப்பின ஆக்களுக்கு நீதி சரியாக் கிடைக்காத காலம் எண்டெல்லாம் சொல்லலாம், அதுவும் உண்மைதான், ஆனா அண்டைக்கு அந்த ரோட்டால போன பொம்பிளைக்கு அது ஆறுதல் இல்ல. அவர் கோவக்காரர், பொறாமைக்காரர், தன்னை விட்டு வேற ஆள் முன்னுக்கு நிண்டாத் தாங்கமாட்டார், கூட வாசிச்ச ஆக்களே அதைச் சொல்லியிருக்கினம்.

நான் அவரை முன்மாதிரி எண்டு சொல்லேல்ல ரீச்சர், குரு எண்டு சொல்லுறன். எங்கட ஊர்லயும் தவில்ல, பாட்டில, கூத்தில இப்பிடிச் சில மனுசரைக் கண்டிருக்கிறம்தானே, கை வித்தை சுத்தம், வீட்டுக்கதை வேற. பிள்ளையளுக்கு ரெண்டையும் சொல்லுங்கோ எண்டுதான் நான் கேப்பன். 13, 14 வயசுப் பிள்ளைக்கு விளங்கும், மறைச்சாத்தான் பிறகு ஃபோன்ல தேடிக் கண்டுபிடிச்சு எங்களை நம்பாமல் விடுவினம்.

என்ட அக்கா பரிஸ்ல லாச்சப்பல்ல இருக்கிறா. அங்க வயசு போன பிரெஞ்சுக்காரர் எல்லாருக்கும் பெஷேயைத் தெரியுமாம், ஆனா அமெரிக்காவில இருக்கிற மச்சானுக்குப் பேரே தெரியாது. துரத்தி விட்ட நாட்டிலயே எப்பிடிப் பெரிய ஆளானார்?
– வாசகர், பம்பலப்பிட்டி

இது எனக்கும் விருப்பமான பகுதி. 1949 மே மாசம் பரிஸ்ல ஒரு பெரிய ஜாஸ் விழா, பேர் போன சக்ஸபோன்காரர் சார்லி பார்க்கரும் வந்த விழா, பெஷேயும் போனார். 20 வருசத்துக்கு முந்திப் பிடிச்சு உள்ள போட்ட அதே நகரத்தில சனம் அவரைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடினது. 52 வயசு அப்ப. அமெரிக்காவில அவர் ஒரு பழைய காலத்து ஆள், பரிஸ்ல அவர் ராசா. பிரெஞ்சு தெரியும், நிறத்தைப் பாத்து ஹோட்டல்ல இடமில்லை எண்டு சொல்லிற அவமானமும் அங்க குறைவு, அடுத்தடுத்த வருசத்தில பிரான்ஸ்லயே இருந்திட்டார். 1951ல அங்கதான் கலியாணம், தெற்குக் கடற்கரை ஆந்தீப்ல, நியூ ஓர்லியன்ஸ் மாதிரி ரோட்டு முழுக்க ஊர்வலமும் பாண்டும். பக்கத்தில யுவான்-லெ-பான்ல அவருக்குச் சிலையும் வச்சிருக்கினம், அக்கா லீவுக்கு அந்தப் பக்கம் போனாப் பாக்கச் சொல்லுங்கோ.

1952ல "பெத்தீத் ஃப்ளர்" எண்டு ஒரு மெட்டுப் போட்டார், "சின்னப் பூ" எண்டு அர்த்தம், அதுதான் அவரின்ட எல்லாத்திலயும் பேர் போனது. 1955 ஒக்டோபர்ல, அவரின்ட றெக்கோட் பத்து லட்சம் வித்ததைக் கொண்டாட ஒலிம்பியா எண்ட தியேட்டர்ல இலவசக் கச்சேரி வச்சினம், உள்ள போகேலாமல் வெளியில நிண்ட இளம் பெடியள் கதவை உடைச்சுக்கொண்டு ஏறி, கதிரை எல்லாம் நொறுங்கிப் போச்சு. ரொக் அண்ட் ரோலுக்கு இல்ல, 58 வயசு மனுசன் ஊதிற நேர்க்குழலுக்கு!

1959 மே 14, தன்ட பிறந்தநாள் அண்டைக்கே, பரிஸுக்குப் பக்கத்தில கார்ஷ் எண்ட இடத்தில சுவாசப்பைப் புற்றுநோயால போய்ச் சேந்தார். சரியா 62 வயசு. அதே வருசம்தான் "பெத்தீத் ஃப்ளர்"ஐ கிறிஸ் பார்பரின்ட பாண்ட் கிளரினெட்ல வாசிச்சது இங்கிலாந்திலயும் அமெரிக்காவிலயும் பெரிய ஹிட். அவர் சொல்லச் சொல்லப் பதிஞ்சு வச்ச சுயசரிதையும் அடுத்த வருசம்தான் வெளிவந்தது.

கொழும்பில இந்த மாதிரி ஜாஸ் ஆக்கள் ஆரும் வந்து வாசிச்சிருக்கினமோ?
– வாசகர், மருதானை

பெஷே வரேல்ல. ஆனா அவரின்ட கை பட்ட ஆள் வந்தவர்! 1958ல டேவ் புரூபெக் எண்ட ஜாஸ் பியானோக்காரரின்ட குவார்ட்டெட் (நாலு பேர் குழு) அமெரிக்க அரசாங்கத்தின்ட ஏற்பாட்டில ஆசியா சுத்தி வரேக்க இலங்கைக்கும் வந்தவை, அதில அல்ரோ சக்ஸபோன் (சொப்ரானோவை விடக் கீழ்க் குரல்) வாசிச்சவரின்ட பேர் போல் டெஸ்மண்ட். பிறகு 1963ல அதே மாதிரி ஒரு பயணத்தில டியூக் எலிங்டனின்ட ஓர்க்கெஸ்ட்ரா வந்தது. அதில முன் வரிசையில இருந்த ஜொனி ஹொட்ஜஸ் எண்ட அல்ரோக்காரர்தான் நான் சொல்லிறவர். இளம் பெடியனா இருக்கேக்க பெஷேயிட்டத்தான் சொப்ரானோ படிச்சவர். 1928ல எலிங்டனோட சேந்து, நடுவில சில வருசம் தவிர, சாகும் வரைக்கும் அவரோடதான். அவர் ஒரு சுரத்தைக் கீழ இருந்து வழுக்கி வழுக்கி மேல கொண்டு வாற விதம் இருக்கே, தேன் ஒழுகிற மாதிரி, அது பெஷேயின்ட வழிதான், ஆனா கோவம் இல்லாத பெஷே. அப்ப கொழும்பில அந்தக் கச்சேரிக்குப் போன ஆக்கள், நியூ ஓர்லியன்ஸ்ல இருட்டறைக்குள்ள நிண்டு ஊதின அந்தப் பெடியனின்ட ஒரு சொட்டைக் கேட்டிருக்கினம். அண்டைக்குப் போன ஆராவது இதை வாசிச்சா எழுதுங்கோ, ரிக்கற் துண்டு இருந்தாலும் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கோ, நான் கட்டாயம் போடுவன்.

கேக்கிறதுக்கு ஒரு ஒழுங்கு சொல்லுங்கோ. எனக்கு ஜாஸ் பற்றி ஒண்டும் தெரியாது.
– வாசகி, தெஹிவளை

முதல் "சமர்டைம்", 1939 ஜூன் 8ல புளூ நோட் எண்ட றெக்கோட் கொம்பனிக்குச் செய்தது. அந்தக் கொம்பனி அந்த வருசம்தான் தொடங்கினது, அவையளுக்கு முதல் பேர் வாங்கிக் குடுத்த றெக்கோட் இது. இரவு, வீட்டில எல்லாரும் படுத்த பிறகு கேளுங்கோ, ஃபோன் ஸ்பீக்கர்ல வேண்டாம். தொடக்கத்தில மெட்டை அப்பிடியே, ஒண்டும் சேக்காமல் பாடுவார், டெடி பன்னின்ட கிட்டார் பின்னால மெதுவா நடக்கும். பிறகு ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் கொஞ்சமா வெளியில வருவார். மேல போய் ஒரு சுரத்தைப் பிடிச்சு நிப்பாட்டேக்க முதல் நேரா நிக்கும், ஒரு கணம், பிறகுதான் அசையத் தொடங்கும், அந்த ஒரு கணத்தைக் கவனியுங்கோ. கடைசிக்குக் கிட்ட குரல் கரகரத்து உறுமும், அழுது தொண்டை கட்டின ஆள் கதைக்கிற மாதிரி. நான் இதை எத்தனை தரம் கேட்டிருப்பன் எண்டு கணக்கே இல்ல, அந்த இடம் வரேக்க செய்யிற வேலையை இப்பவும் நிப்பாட்டிறன்.

ரெண்டாவது "கேக் வோக்கிங் பேபீஸ்". இது ரெண்டு தரம் பதிவானது, 1924 டிசம்பர்ல ஒண்டு, 1925 ஜனவரியில ஒண்டு, ரெண்டிலயும் பெஷேயும் லூயி ஆம்ஸ்ட்ரோங்கும். ரெண்டு பேரும் விட்டுக் குடுக்காத ஆக்கள். தவில் தனியாவர்த்தனத்தில ரெண்டு பேர் மாறி மாறி அடிச்சு ஏத்திற மாதிரி இருக்கும். முதல்தில பெஷே கை ஓங்கும், ரெண்டாவதில ஆம்ஸ்ட்ரோங் எழும்பி அடிச்சிடுவார், என்ட காதுக்கு அப்பிடித்தான், நீங்களும் கேட்டுச் சொல்லுங்கோ.

மூண்டாவது 1941 ஏப்ரல்ல செய்த "ஷேக் ஒஃப் அரபி". இதில ஆறு வாத்தியம், கிளரினெட், சொப்ரானோ, ரெனர் சக்ஸபோன் (அல்ரோவை விடவும் கீழ்க் குரல்), பியானோ, பேஸ், ட்ரம்ஸ், ஆறையும் அவர் ஒருத்தரே வாசிச்சவர். இப்ப பிள்ளையள் லப்டொப்ல ட்ராக் ட்ராக்கா அடுக்குதுகள், அப்ப டேப் கூட இல்ல, முதல் ஒரு வாத்தியத்தைத் தட்டில பதிஞ்சு, அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டே அடுத்ததை வாசிச்சு புதுத் தட்டில பதிஞ்சு, இப்பிடியே. ஒருக்கா பிழைச்சாத் திரும்பத் தொடங்க வேணும். சங்கீதமா அது பெரிய சாதனை எண்டு நான் சொல்லமாட்டன், அடியில கிடக்கிற வாத்தியங்கள் மங்கித்தான் கேக்கும், ஆனா அந்த மனுசனின்ட விடாப்பிடி அதில தெரியும்.

"பெத்தீத் ஃப்ளர்" கடைசியாக் கேளுங்கோ. முதல் கேட்டா இனிப்பா இருக்கு எண்டு அதோட நிண்டிடுவியள்.

சொப்ரானோ சக்ஸபோன்லயே தொடங்கினா என்ன? பாக்கவும் வடிவா இருக்கு, சின்னனாவும் இருக்கு. மற்றது, ரீட் ரெண்டு மாசத்திலயே கறுத்துப் போகுது, ஏன்?
– மாணவன், கல்கிசை

வேண்டாம் தம்பி. சின்னனா இருக்கிறதால லேசு எண்டு நினைக்காத, சொப்ரானோல உதடு ஒரு மயிரிழை இளகினாலும் சுதி போயிடும். அல்ரோல ரெண்டு மூண்டு வருசம் ஊதி, வாயும் காதும் உறைச்ச பிறகு போ. ஜோன் கொல்ட்ரேன் எண்ட பெரிய ஜாஸ் ஆள் கூட ரெனர்ல பேரெடுத்த பிறகுதான் சொப்ரானோவைத் தொட்டவர், 1960ல பெஷே பேரிலயே ஒரு புளூஸ் (கறுப்பின ஆக்களின்ட சோகப் பாட்டு வகை) வாசிச்சுப் பதிஞ்சும் வச்சிருக்கிறார்.

ரீட் கறுக்கிறது பூஞ்சணம். எங்கட கொழும்புக் காத்து அப்பிடி, கடற்கரைப் பக்கம் இன்னும் மோசம். ஊதி முடிய ரீட்டை மவுத்பீஸ்லயே விட்டிட்டுப் பெட்டியைப் பூட்டினா ஈரம் உள்ளயே நிண்டு புளிச்சுப் போகும். கழட்டி, வெறும் தண்ணியில அலசி, மெல்லிய துணியால வேர்ப் பக்கத்தில இருந்து நுனிப் பக்கமாத் துடை, நுனியில இருந்து இழுத்தா நார் கிழியும். பிறகு தட்டையா வச்சு நிழல்ல காய விட்டு, காஞ்ச பிறகுதான் டப்பாவுக்க வை. மூண்டு நாலு ரீட்டை மாத்தி மாத்திப் பாவி, ஒண்டையே போட்டு அடிக்காத. இது நாதஸ்வரக்காரரைக் கேட்டாலும் சொல்லுவினம், அவை சீவாளியைக் கோர்த்துத் தொங்க விடுறது சும்மா இல்ல.

நாங்கள் ஃபிளற்ல இருக்கிறம். மகள் சக்ஸபோன் எடுத்தா கீழ் வீட்டு அன்ரி மேல ஏறி வாறா. என்ன செய்யிறது?
– வாசகி, வெள்ளவத்தை

சக்ஸபோனின்ட கீழ் வாய்க்குள்ள சொக்ஸ் அடைச்சுச் சத்தத்தைக் குறைக்கப் பாக்காதேங்கோ, சரிவராது, சத்தம் அந்தக் கீழ் வாயால மட்டும் வாறதில்ல, திறந்து கிடக்கிற எல்லா ஓட்டையாலயும் வரும். அலுமாரிக் கதவைத் திறந்து, தொங்கிற சீலை, சட்டைக்கு நேரா நிண்டு ஊதச் சொல்லுங்கோ, துணி சத்தத்தைக் குடிக்கும். நேரத்தையும் அன்ரியிட்டக் கேட்டே வையுங்கோ, அவ சொல்லிற நேரத்தில அரை மணித்தியாலம், அதில முதல் பத்து நிமிசம் ஒரே ஒரு சுரம், மேல வெள்ளவத்தை வாசகியின்ட மகனுக்குச் சொன்ன அதே பாடம்தான், உங்கட மகளுக்கும். கரையோர ரயில் உங்கட பக்கத்தாலதானே போகுது, அது ஹோர்ன் அடிக்கேக்க எந்தச் சுரம் எண்டு கண்டுபிடிச்சு அதையே பிடிச்சு ஊதச் சொல்லுங்கோ, அந்த நேரம் அன்ரிக்கும் கேக்காது.